புற்றுநோய் வார்டில் நம் பிள்ளை: பெற்றோர் தெரிந்திருக்க வேண்டியவை

காய்ச்சல் விடவில்லை, பிள்ளை வெளுத்துப் போய்விட்டான் என்று ஊரிலுள்ள டாக்டரிடம் காட்டுகிறோம். ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கிறார்கள். மறுநாள், "தாமதிக்காமல் சென்னைக்குக் கொண்டு போங்கள்" என்று ஒரு சீட்டு எழுதித் தருகிறார்கள். பல குடும்பங்களுக்குக் குழந்தையின் புற்றுநோய் இப்படித்தான் தெரிய வருகிறது. கையில் ஃபைலோடு இமாமிடம் வந்து துஆ கேட்கிறார்கள். நாமும் கண் கலங்கித் துஆ செய்கிறோம்.

ஆனால் அந்தக் குடும்பத்துக்கு இன்னொன்றும் தேவைப்படுகிறது. நாளைக் காலை வார்டில் என்ன நடக்கும், எத்தனை நாள் தங்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்ற தெளிவுதான் அது. நோய்க்கு மருந்து தேடச் சொன்னது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். மருந்து தேடுவது என்றால் மருத்துவமனை வாசலில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது அல்ல. நடப்பதைப் புரிந்துகொண்டு, சிகிச்சை முடியும் வரை கூடவே நிற்பது. அந்த நோக்கத்தில்தான் இந்தக் கட்டுரை. குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோயை மையமாக வைத்து எழுதுகிறேன். மற்ற வகைகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

குழந்தைப் புற்றுநோய் வேறு

புற்றுநோய் என்றதும் நம் மனதில் வருவது பீடி, வெற்றிலை, புகையிலையால் நோயுற்ற பெரியவர்கள். குழந்தைகளின் புற்றுநோய் அப்படி வருவதில்லை. உம்மா கர்ப்பமாக இருந்தபோது எதையோ சாப்பிட்டதாலோ, யாரோ கண் வைத்ததாலோ, பிள்ளையைச் சரியாகக் கவனிக்காததாலோ வந்தது என்று பேசுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அது ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ தம்பி தங்கைக்கு வராது.

"நாங்கள் செய்த பாவத்தின் தண்டனையா ஹஜ்ரத்?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. பருவம் அடையாத பிள்ளையின் மீது பாவமே எழுதப்படுவதில்லை என்பது நம் மார்க்கத்தின் அடிப்படைப் பாடம். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதும் இல்லை. ஆகவே அந்தக் கேள்வியை, குறிப்பாகத் தாயைக் குத்திக்காட்டும் பேச்சை, முதல் நாளே வீட்டை விட்டு வெளியேற்றிவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் சுமார் 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். வசதி மிக்க நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை. நோய் அதேதான். தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது, சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது ஆகியவையே இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணங்கள். இவற்றில் கடைசியானது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர் என்று குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் இடங்கள் இருக்கின்றன. இலங்கைச் சகோதரர்களுக்கு மகரகமவில் உள்ள அபேக்ஷா மருத்துவமனை இருக்கிறது.

முதல் வாரம்: பரிசோதனைகள்

சேர்த்த உடனே மருந்து கொடுக்க மாட்டார்கள். "வந்து மூன்று நாளாச்சு, இன்னும் வெறும் டெஸ்ட்தான் எடுக்கிறாங்க" என்று பதற வேண்டாம். எந்த வகைப் புற்றுநோய், எவ்வளவு தீவிரம் என்று தெரிந்தால்தான் எந்த மருந்து, எவ்வளவு காலம் என்று முடிவு செய்ய முடியும்.

தினமும் ரத்தம் எடுப்பார்கள். அடுத்து எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. இடுப்பு எலும்பின் பின்பக்கத்தில் ஊசி செலுத்தி, ரத்தம் உற்பத்தியாகும் இடத்திலிருந்து சிறிதளவு எடுப்பார்கள். மூன்றாவது, முதுகில் போடும் ஊசி. பிள்ளையை ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, இறால் போலச் சுருட்டிப் படுக்க வைப்பார்கள். முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரைச் சிறிது எடுத்துப் பார்ப்பதோடு, அதே வழியாக மருந்தும் செலுத்துவார்கள். நரம்பு வழியாகப் போகும் மருந்துகள் பல மூளைப் பகுதிக்குச் சரியாகப் போய்ச் சேராது. அங்கே நோய் ஒளிந்துகொள்ளாமல் இருக்கவே இந்த ஊசி. "முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்" என்று வார்டுக்கு வெளியே சொல்லப்படும் பேச்சைக் கேட்டு மறுத்துவிடாதீர்கள். தண்டுவடம் முடிந்த இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போகிறது.

இவற்றுக்கு முன் மரத்துப்போகும் மருந்தோ, தூங்க வைக்கும் மருந்தோ கொடுப்பார்கள். தூங்க வைப்பதாக இருந்தால் சில மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும். அழுகிறானே என்று ரகசியமாக ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போகும் ஆபத்து இருக்கிறது. கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

மாதக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் கையில் குத்தாமல் இருக்க, மேல்கையில் ஒரு நீண்ட குழாயையோ, மார்புத் தோலுக்கு அடியில் போர்ட் எனப்படும் சிறு கருவியையோ பொருத்துவது உண்டு. பார்க்கப் பயமாக இருந்தாலும் பிள்ளைக்கு அது பெரிய நிம்மதி.

முதல் மாதம்: மருந்து தொடங்கும்போது

ரத்தப் புற்றுநோயில் முதல் கட்டம் நான்கு முதல் ஐந்து வாரம். வார்டில் அதிகமாக இருக்கப்போவதும், மிகக் கவனமாக இருக்க வேண்டியதும் இந்தக் காலத்தில்தான்.

கீமோ என்றால் மின்சாரம் பாய்ச்சுவதோ கதிர் அடிப்பதோ அல்ல, அது மருந்து. சில மாத்திரையாக, சில ஊசியாக, சில டிரிப்ஸாகப் போகும். வின்கிரிஸ்டின் என்ற முக்கியமான மருந்து நம் கபரஸ்தான்களில் தானாகப் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. அதற்காகச் செடியை அரைத்துக் கொடுத்துவிடக் கூடாது, அது விஷம். படைப்பில் இறைவன் வைத்ததை, அளவு கண்டுபிடித்து மருந்தாக்குவதுதான் மருத்துவரின் வேலை. மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தின் பின்னால் இருப்பவர்களில் முக்கியமானவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்று ஆராய்ந்தவர். 1948-க்கு முன் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளையைச் சில வாரங்களோ மாதங்களோதான் பார்க்க முடியும். இன்று நிலைமை தலைகீழாக மாறியிருக்கிறது.

புற்றணு வேகமாகப் பெருகும் அணு. அதைக் குறிவைக்கும் மருந்து, உடம்பில் இயல்பாகவே வேகமாக வளரும் மற்ற அணுக்களையும் தாக்கும். முடி, வாயின் உட்புறத் தோல், குடல், ரத்தம் ஆகியவை பாதிக்கப்படுவது இதனால்தான். அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

முடி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். சிகிச்சை குறைந்ததும் திரும்ப வளரும். பெண்பிள்ளையாக இருந்தால், தலையணை முழுக்க முடி கிடப்பதை அவள் திடீரென்று ஒரு காலையில் பார்ப்பதைவிட, முன்பே சொல்லி, முடியைக் குட்டையாக வெட்டி, அவளுக்குப் பிடித்த நிறத்தில் பருத்தித் துணி வாங்கி வைப்பது நல்லது.

வாயில் புண் வரும். மென்மையான பிரஷ், மருத்துவர் சொல்லும் வாய் கொப்பளிக்கும் மருந்து, காரமில்லாத குழைந்த சாப்பாடு உதவும். வாந்திக்கு இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. வாந்தி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் பிள்ளையின் முகம் உப்பும். நடுராத்திரி எழுந்து சோறு கேட்பான். காரணமில்லாமல் கத்துவான், அழுவான். "நோய் வந்ததும் பிள்ளைக்குக் குணமே கெட்டுப்போச்சு" என்று அடித்துவிடாதீர்கள். அது மருந்தின் வேலை. மருந்து நின்றதும் அடங்கிவிடும். வின்கிரிஸ்டினால் மலச்சிக்கல், தாடை வலி, கால் தளர்ச்சி வரலாம். ஒரு சிவப்பு மருந்து போட்ட நாளில் சிறுநீர் சிவப்பாக வரும். அது ரத்தம் அல்ல. இவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் நிற்கும் ஐந்து நிமிடத்தில் மறந்துபோவது நம் எல்லோருக்கும் இயல்பு.

காய்ச்சல் என்றால் காத்திருக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். கீமோ எடுக்கும் பிள்ளைக்கு வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துபோகும் நாட்கள் உண்டு. அப்போது சாதாரணக் கிருமிகூடச் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். பல பிள்ளைகளை நாம் இழப்பது புற்றுநோயால் அல்ல, இந்தக் கிருமித் தொற்றால்.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுப் புறப்படுங்கள். சுபுஹு ஆகட்டும், பஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிட்டுப் பார்க்கலாம் என்பதும் தவறு. வலி மாத்திரைகளில் சில ரத்தக் கசிவை அதிகமாக்கும் என்பதால் கடையில் கேட்டு எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். தெருமுனைக் கிளினிக்கில் இடுப்பில் ஊசி போடவும் விடாதீர்கள். காய்ச்சல் இல்லாமலேயே நடுக்கம், மூச்சுத் திணறல், மூக்கில் நிற்காத ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள், அளவுக்கு மீறிய தூக்கம் தெரிந்தாலும் அதே அவசரம்தான். தூரத்து ஊராக இருந்தால், முதல் சில மாதம் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்குவது செலவல்ல, பாதுகாப்பு.

"பிள்ளைதான் நல்லாயிட்டானே?"

ஒரு மாத சிகிச்சை முடிந்து மஜ்ஜையைப் பார்க்கும்போது "புற்றணு இல்லை" என்று வரும். முகத்தில் களை திரும்பும், பசி வரும், பிள்ளை ஓடி விளையாடும். ஆபத்தான முடிவு எடுக்கப்படுவது இந்த நேரத்தில்தான்.

ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், மவன் நல்லாயிட்டான். ரிப்போர்ட்டுலயும் இல்லன்னுட்டாங்க. இன்னும் ரெண்டு வருசம் மருந்துங்கிறாங்களே, எதுக்கு? கடைய அடச்சு நாலு மாசமாச்சு. நாட்டு வைத்தியம் பாத்துக்கலாமான்னு வீட்ல பேசிக்கிறோம்." பேராசையிலோ அலட்சியத்திலோ அவர் கேட்கவில்லை. களைப்பில் கேட்டார். அவரை மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அந்த மருத்துவர் ஒரு தாளில் எண்களை எழுதிக் காட்டினார். நோய் கண்டுபிடிக்கும்போது பிள்ளையின் உடம்பில் ஒரு லட்சம் கோடிப் புற்றணுக்கள்வரை இருக்கும். "இல்லை" என்று ரிப்போர்ட் வரும்போது நூறு கோடிவரைகூட மிச்சம் இருக்கலாம். மைக்ராஸ்கோப்பில் தெரியாது, அவ்வளவுதான். அந்த மிச்சத்தைத் தேடித் தேடி அழிப்பதற்குத்தான் அடுத்த கட்டங்கள். முதலில் சில மாதம் தீவிரமாக இருக்கும், அடிக்கடி அட்மிஷன் இருக்கும். பிறகு வீட்டிலிருந்தே தினமும் மாத்திரை, இடையிடையே ஊசி. மொத்தம் இரண்டு முதல் மூன்று ஆண்டு.

நடுவில் நிறுத்தினால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு மிக அதிகம். திரும்பி வரும் நோய் பழைய மருந்துக்கு எளிதில் அடங்காது. குணமாவது பல மடங்கு கடினம். கூரை வேயும்போது பாதியில் இறங்கிவிட்டு, மழை வந்ததும் மேலே ஏற முடியாது. இதை அந்தத் தகப்பனாரின் மாமியார் வரை அனைவருக்கும் உட்கார்ந்து விளக்கினோம். ஏனென்றால் இந்த முடிவுகளை நம் வீடுகளில் பெற்றோர் மட்டும் எடுப்பதில்லை.

சாப்பாடு, தேன், ஜம்ஜம்

வெள்ளை அணு குறைந்த நாட்களில் நன்றாக வெந்த, சூடான சாப்பாடு மட்டும். வெளியே வாங்கிய பிரியாணி, சர்பத், வெட்டி வைத்த பழம், பச்சைக் காய்கறி, அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். தோலுரித்துச் சாப்பிடும் பழங்களை நன்றாகக் கழுவி வீட்டில் உரித்துக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும்.

ஹஜ்ஜிலிருந்து வந்தவர் அன்போடு கொடுத்த ஜம்ஜம் தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆறவைத்தே கொடுங்கள். பல கை மாறி, பல பாட்டிலில் ஊற்றி வந்த தண்ணீர் அது. கொதிக்க வைப்பதால் அதன் பரக்கத் போய்விடாது. தேனில் நிவாரணம் இருப்பதாக நம் வேதம் சொல்கிறது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் காய்ச்சாத தேனில் இருக்கக்கூடிய கிருமியை எதிர்க்கும் சக்தி இந்த நாட்களில் பிள்ளைக்கு இல்லை. கருஞ்சீரகம், பப்பாளி இலைச்சாறு, லேகியம், யூடியூபில் பார்த்த பொடி எதுவாக இருந்தாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். கீமோ மருந்துகளில் சில ஏற்கெனவே கல்லீரலுக்குப் பாரமானவை. இன்னொரு பொருள் அந்தப் பாரத்தைக் கூட்டலாம். ஓதிப் பார்ப்பதற்கும் பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துத் துஆ செய்வதற்கும் எந்த மருத்துவரும் தடை சொல்வதில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் செய்யுங்கள். ஊதுவதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

நலம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு

நோயாளியை விசாரிப்பது முஸ்லிம் மீது முஸ்லிமுக்குள்ள உரிமை. ஆனால் தொற்று உள்ள இடத்துக்குப் போகாதே, அங்கிருந்து வெளியேறாதே என்று கற்றுத் தந்ததும் அதே மார்க்கம்தான். எட்டுப் பேர் வேன் பிடித்து வந்து கட்டிலைச் சுற்றி நிற்பதில் பிள்ளைக்கு நன்மை இல்லை. சளி, இருமல், வயிற்றுப்போக்கு, அம்மை உள்ளவர்கள் அறவே போகக் கூடாது. போனில் சலாம் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு விடுங்கள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் படுத்துக் கிடக்கும் தகப்பனுக்கு ஒரு வேளைச் சோறு கொண்டு போங்கள். அதுவும் விசாரிப்புதான்.

"எங்க சின்னம்மாவுக்கும் இதுதான் வந்துச்சு, ஆறு மாசத்துல..." என்று தொடங்கும் பேச்சைத் தயவுசெய்து பிள்ளையின் காது கேட்கப் பேசாதீர்கள்.

கூடப் பிறந்தவர்களுக்குத் தடுப்பூசி போடும்போது, வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்று சொல்லுங்கள். போலியோ சொட்டுமருந்து போன்ற சிலவற்றுக்கு மாற்று ஊசி தேவைப்படும். அம்மை போட்டவர் பக்கத்தில் பிள்ளை இருந்துவிட்டால், அம்மை வரும் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மார்க்கக் கடமைகள் பற்றிச் சில வார்த்தை

பருவம் அடையாத பிள்ளைக்குத் தொழுகையும் நோன்பும் கடமையில்லை. ஆசையாக இருக்கிறது என்று சிகிச்சையின்போது நோன்பு வைக்க விடாதீர்கள். பருவம் அடைந்தவர்களுக்கும் நோயின்போது நோன்பை விட அனுமதி இருக்கிறது. குணமானதும் வைக்கலாம், முடியாத நிலையில் ஃபித்யா இருக்கிறது. நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் படுத்துக்கொண்டு சைகையால் தொழலாம். குழாய் பொருத்திய கையை நனைக்கக் கூடாது என்றால் மஸஹு, தயம்மும் போன்ற சலுகைகள் இருக்கின்றன. அந்தந்த மத்ஹபுப்படி உங்கள் இமாமிடம் ஒரு முறை தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை அணு குறைந்த நாளில் ஜுமுஆவுக்கோ பெருநாள் கூட்டத்துக்கோ பிள்ளையை அழைத்துப் போக வேண்டாம்.

குழாய் அடைக்காமல் இருக்கப் பயன்படும் ஹெப்பாரின் என்ற மருந்து பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. இது தெரிந்ததும் சிலர் கலங்குகிறார்கள். மாற்று இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. இல்லையென்றால், உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் அனுமதி உண்டு என்பது உலமாக்கள் கூறும் தீர்ப்பு. அதற்காகச் சிகிச்சையை மறுக்காதீர்கள்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. மூன்று முதல் ஏழு வயது ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத் செய்யும் பருவமும், இந்த ரத்தப் புற்றுநோய் அதிகம் வரும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. சிகிச்சை நடக்கும்போது "இதையும் சேர்த்து முடித்துவிடுவோம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிளேட்லெட் குறைந்த பிள்ளைக்கு ரத்தம் நிற்காது, புண் ஆறாது. மருத்துவர் அனுமதி தரும் வரை தள்ளிப் போடுவதில் குற்றமில்லை. காது குத்துவதும் அப்படியே.

பதின்ம வயதுப் பிள்ளைகள்

பதினான்கு, பதினாறு வயதுப் பிள்ளைகள் சின்னக் குழந்தைகளும் இல்லை, பெரியவர்களும் இல்லை. அவர்களுக்கு முன் ரிப்போர்ட்டை மறைத்துக் கிசுகிசுப்பதில் பயனில்லை; கையிலுள்ள போனில் மருந்தின் பெயரைப் போட்டு எல்லாவற்றையும் அவர்களே படித்துவிடுவார்கள். டாக்டரிடம் தனியாக ஐந்து நிமிடம் பேச அவர்களை விடுங்கள்.

பெண்பிள்ளையாக இருந்தால், பிளேட்லெட் குறைந்த நேரத்தில் மாதவிடாய் வந்தால் ரத்தப்போக்கு அதிகமாகலாம். வெட்கப்பட்டு மறைக்காமல் உம்மாவோ நர்ஸோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நிறுத்தி வைக்க மாத்திரை இருக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். இருந்தால் ஏற்பாடு செய்வார்கள். ஆண்பிள்ளையாக இருந்தால், சில வகைச் சிகிச்சை பிற்காலத்தில் குழந்தைப் பேற்றைப் பாதிக்கலாம். பருவம் அடைந்தவனாக இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே விந்தணுவைச் சேமித்து வைக்கும் வசதி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. அதில் மார்க்கரீதியான கேள்வி இருந்தால் ஆலிமிடம் கேளுங்கள். வெட்கத்தால் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

பிள்ளையிடம் என்ன சொல்வது

பொய் சொல்லாதீர்கள். "வலிக்காது" என்று சொல்லி ஊசி போட்டால், அடுத்த முறை உங்கள் மடியையும் அவன் நம்ப மாட்டான். "கொஞ்சம் வலிக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும், உம்மா கையைப் புடிச்சுக்க" என்று சொல்லுங்கள். சிறு பிள்ளையிடம், "உன் ரத்தத்துல கெட்ட அணு இருக்கு, அதை விரட்டத்தான் மருந்து" என்பது போதும். "நீ செய்த எதனாலும் இது வரலை" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தம்பியை அடித்ததால் வந்தது, ஓதாமல் ஓடியதால் வந்தது என்று பிள்ளைகள் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருப்பார்கள்; வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பொம்மை, வண்ணப் பென்சில், பள்ளிப் புத்தகம், ஓதிக்கொண்டிருந்த கிதாப் எல்லாம் வார்டுக்கு வரட்டும். நாளைக்கு ஒரு நாளைக்காகப் பிள்ளை தயாராகிறது என்பதை அவை அதற்குச் சொல்லும்.

செலவும் உதவியும்

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றையும் முதல் நாளே எடுத்துக்கொண்டு போங்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் அதற்கென்று கவுன்ட்டர் இருக்கும். ஊர்த் தலைவர்கள் வருமானச் சான்றிதழ் விஷயத்தில் அலைச்சலைக் குறைத்துக் கொடுத்தாலே பெரிய உதவி. சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை. கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை. அதற்கு மருத்துவமனையில் படிவம் வாங்க வேண்டும். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். சென்னையில் செயின்ட் ஜூட் போன்ற அமைப்புகள் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் குடும்பம் இலவசமாகத் தங்க இடம் தருகின்றன. மருத்துவமனையின் சமூகப் பணியாளரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது

பிளேட்லெட்டை ஐந்து நாளைக்கு மேல் சேமித்து வைக்க முடியாது. ஆகவே ஒரே நாளில் ஐம்பது பேர் போய்க் கொடுத்துவிட்டு வருவதைவிட, ரத்த வகை வாரியாக ஒரு பட்டியல் வைத்து, அழைக்கும்போது முறைவைத்து இருவர் போவது பலனுள்ளது. மிக நெருங்கிய உறவினர் கொடுக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜகாத் பெறத் தகுதியான குடும்பம் என்றால், ஒரே தடவையில் பெரிய தொகை கொடுத்து மறந்துவிடாமல், இரண்டு ஆண்டும் மாதாமாதம் வாடகைக்கும் பயணத்துக்கும் வரும்படி பிரித்துக் கொடுங்கள். முதல் மாதம் எல்லோரும் வருகிறார்கள்; பத்தாவது மாதம் யாரும் வருவதில்லை. சிகிச்சை நிற்பது அந்தப் பத்தாவது மாதத்தில்தான்.

மதரஸா விடுதிகளில் பொறுப்பில் இருக்கும் உஸ்தாதுகளுக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு வாரமாக விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளுத்த முகம், அடிபடாமலே உடம்பில் நீலத்திட்டு, கால் எலும்பு வலித்து நொண்டுவது, கழுத்தில் கரையாத கட்டி இருந்தால், பாடம் தப்பிக்க நடிக்கிறான் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனைக்கு நூற்றுக்கணக்கில்தான் ஆகும்.

குணமாகாது என்று சொன்னால்

எல்லாம் செய்தும் சில பிள்ளைகள் நம்மைவிட்டுப் போகிறார்கள். அந்த நிலையில் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வலி நீக்கும் சிகிச்சை என்று தனிப் பிரிவே இருக்கிறது. வலி கடுமையாக இருந்தால் மார்ஃபின் கொடுப்பார்கள். வலி போக்க மருத்துவர் அளவோடு கொடுக்கும் மருந்து போதைப் பொருளின் கணக்கில் வராது. பலன் தராது என்று மருத்துவர்கள் முடிவு செய்த சிகிச்சையை நிறுத்திவிட்டு, பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து உம்மாவின் பக்கத்தில் நிம்மதியாக வைத்திருப்பது தவக்குலுக்கு மாறானது அல்ல. அந்தப் பெற்றோரிடம் "இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் அது சில பிள்ளைகளின் நிலை. உரிய நேரத்தில் வந்து, உரிய மருந்தை, உரிய காலம் முழுவதும் எடுத்துக்கொண்டு, இன்று கல்லூரிக்குப் போகிற, கல்யாணம் முடித்துப் பிள்ளைகளோடு இருக்கிற எத்தனையோ பேர் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் பெயரையும் அந்த வரிசையில் சேர்க்க, அடுத்த ஓ.பி. தேதியைத் தவறவிடாதீர்கள்.

நோயுற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் பூரண ஷிஃபாவையும், பெற்றோருக்குப் பொறுமையையும், உதவும் கரங்களுக்கு நற்கூலியையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.